மருந்துக்குப் போன அம்மா

பொங்கல் கழிந்த ஆறாம் நாள் காலை. நான் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்து பொத்தென்று ஏதோ பாயின்மேல் விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு எலி. வாயோரம் இரத்தம். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அசையாமல் கிடந்தது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அந்த நாட்களில் ஒரு வீட்டில் எலி விழுந்தால் பிளேக் வந்துவிட்டது என்று பொருள். எலி விழுந்த சில நாட்களில் அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும். தொடை சேருகிற அரையிலோ அக்குளிலோ கட்டி எழும்பும். அதற்குப் பிறகு பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எலி விழ ஆரம்பித்தால் ஜனங்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு, மேட்டுக் காடுகளில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் அந்த ஜெபத்தை முடிக்கவில்லை. ஆமென் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடினேன். அன்றைக்கு ஓடின கால் சேலம் போய்த்தான் நின்றது.

பிரியமானவர்களே, இந்தச் சபையில் நான் எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன். நீங்களும் கண்ணீரோடு கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதை உங்களுக்கு நான் சொன்னதில்லை. இப்போது மறுபடியும் உலகத்தில் பெரிய சண்டை நடக்கிறது. நம் பிள்ளைகள் பட்டாளத்தில் இருக்கிறார்கள். எல்லோரும் பயந்திருக்கிறோம். பயந்தவள் ஒருத்தியை ஆண்டவர் என்ன செய்தார் என்று சொல்ல இதுதான் நேரம் என்று என் மனதில் பட்டது. அதனால் எழுந்து நிற்கிறேன்.

இது முதல் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் கழித்து நடந்தது. எனக்கு அப்போது முப்பது வயது. என் பெயர் ரெபேக்காள். சேலத்தில் பிறந்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷம் கணவர் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் வேதம் படித்தேன். பிறகு கிராமத்துப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஊழியத்துக்கு அனுப்பினார்கள். எருமப்பட்டிக்கு வடக்கே, கொல்லிமலையைப் பார்த்தாற்போல் ஒரு ஊர். அங்கே ஒரு சின்ன ஜெபவீடு. உபதேசியார் வேலை காலியாயிருந்தது. அதனால் அந்த ஊருக்கு நான் ஒருத்திதான்.

எனக்கு ஜெபம் நன்றாக வரும். நான் ஜெபம் பண்ணினால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆண்டவருடைய வருகையைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்கு அவ்வளவு ஆசை. அவர் எந்த நேரத்திலும் வருவார், ஆயத்தமாயிருங்கள், ஆயத்தமாயிருங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னேன். அதைச் சொல்லிச் சொல்லி, நான் ஆயத்தமாகிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் வந்தவர்களில் பாவாயி என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். பண்ணைக்காரர் காட்டில் பருத்தி எடுக்கப் போகிறவள். அவள் கணவன் சின்னான் வண்டி ஓட்டுகிறவன். பொழுது சாய்ந்ததும் வருவாள். தலைமயிரில் பருத்திப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஜெபவீட்டுக் கடைசியில், வாசல் பக்கமாக உட்காருவாள். நான் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். தாகமாயிருக்கிறவர்கள் தண்ணீர் ஊற்றுகிற கையைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அவளுக்கு ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று ஏக்கம். அதை மறைக்கவும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலத்திலிருந்து பாதிரியார் வருவார். அவர் வருகிற செய்தி கிடைத்ததும் வந்து நிற்பாள்.

“ஏனுங்கம்மா, இந்தத் தடவையாச்சும் பாதிரியாருகிட்ட எம் பேரைச் சொல்லுவீங்களா?”

“விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லு, பார்ப்போம்” என்பேன். அதை மனப்பாடமாகச் சொன்னால்தான் ஞானஸ்நானம்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பிப்பாள். பாதியில் பொந்தியு பிலாத்து என்ற பெயர் வரும். அங்கே நின்றுவிடுவாள். ஒருநாள் அது பொன்னுப் பிலாத்து ஆகும். மறுநாள் பொன்னையன் ஆகும். அதற்கு மேல் எல்லாம் குழம்பிப் போகும்.

“அந்த ஆளு பேரு மட்டும் வாயில நிக்க மாட்டேங்குதுங்க. நம்ம சாமியைக் கொல்லச் சொன்னவன் பேரு எனக்கெதுக்குங்கம்மா?” என்று ஒருநாள் கேட்டாள்.

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. “நீ இன்னும் ஆயத்தமாகவில்லை, பாவாயி. அடுத்த தரம் பார்க்கலாம்” என்றேன்.

இரண்டு தரம் இப்படித் தள்ளினேன். இரண்டாம் தரம் அவள் முகம் சுருங்கிப் போயிற்று. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“சரிங்கம்மா. ஆனா நீங்க சாமிகிட்ட எம் பேரைச் சொல்றீங்கல்ல?”

“தினமும் சொல்கிறேன்” என்றேன்.

அது பொய். ஒருநாளும் சொன்னதில்லை. என் அழகான ஜெபங்களில் ராஜாக்கள் இருந்தார்கள், தேசங்கள் இருந்தன, பாவாயி இல்லை.

ஜெபவீட்டுக்கு வருவதற்காக அவள் பட்டது கொஞ்சமல்ல. சின்னானுடைய அக்கா கருப்பாயி, கணவனை இழந்தவள், அவர்களோடுதான் இருந்தாள். பாவாயி வேதக்காரியாகப் போகிறாள் என்று தெரிந்த நாளில், பாவாயி சோறாக்குகிற சட்டியைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தவள் கருப்பாயி. ஒரு மழைக்காலம் முழுவதும் பாவாயியோடு பேசாமலே இருந்தாள்.

எலி விழுந்த அன்று நான் வாசலில் நின்றபோது பாவாயி ஓடி வந்தாள். அவர்கள் குடியிருந்த கீழ்த்தெருவில் ஒரு வாரத்துக்கு முன்பே எலி விழுந்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

“அம்மா, எங்க நங்கைக்குக் காச்சலுங்க. அரையில கட்டி கெளம்பிருச்சு” என்றாள். நங்கை என்று அவள் சொன்னது கருப்பாயியை. “அவளே கேக்கறாளுங்க. அந்த வேதக்காரம்மாளக் கூட்டியா, உங்க சாமிகிட்ட எனக்காவச் சொல்லச் சொல்லுங்கறா. ஒருக்கா வந்துட்டுப் போங்க சாமி.”

யோசித்துப் பாருங்கள். சட்டியை உடைத்தவள் என்னைக் கூப்பிடுகிறாள். எத்தனை வருஷம் இதற்காகத்தானே அந்த ஊரில் இருந்தேன்!

“நீ முன்னால் போ. நான் வருகிறேன்” என்றேன்.

அவள் நம்பிக்கொண்டு போனாள். நான் உள்ளே போய், அந்த எலியைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து, என் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஊர்க்கோடியில் நாமக்கல்லுக்குப் போகிற கடலை வண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரரும் ஊரைவிட்டுப் போகிற அவசரத்தில் இருந்தார். மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி கீழ்த்தெரு பிரிகிற இடத்துக்கு வந்தது. பாவாயி அங்கே நின்றுகொண்டிருந்தாள். என்னை எதிர்பார்த்துத்தான் நின்றாள். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தேன். அவள் பார்த்துவிட்டாள். ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு முகம் தெளிந்தது. வண்டிக்குப் பின்னாலேயே நாலடி ஓடி வந்தாள்.

“மருந்துக்குப் போறீங்களாம்மா? சீக்கிரமா வந்துருங்க சாமி! நான் அதுவரைக்கும் பாத்துக்கறனுங்க!”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து கனக்கிறது.

சேலத்தில் என் அண்ணன் வீட்டில் போய் இறங்கினேன். அழுதுகொண்டே வரவேற்றார்கள். எனக்குக் காய்ச்சல் வரவில்லை. கட்டி எழும்பவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. உடம்பு சுகமாயிருந்தது. ஆனால் ஜெபம் போய்விட்டது.

முழங்கால் போடுவேன். வார்த்தைகள் வழக்கம்போல வரிசையாக வரும். நானே கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்பதற்கு வேறு ஒருவரும் இல்லை என்று தோன்றும். ஆண்டவர் அந்த அறையில் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது. கீழ்த்தெருவில், கருப்பாயியின் பாயோரத்தில் இருக்கிறார். நான்தான் அங்கே இல்லை.

அப்போதுதான் எனக்கு ஏக்கம் என்றால் என்னவென்று தெரிந்தது. அதற்கு முன் பாட்டுகளில் பாடியிருக்கிறேன், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் மார்பில் ஒரு பாரம். சாப்பிட உட்கார்ந்தால் பாவாயியின் முகம். வண்டிக்குப் பின்னால் ஓடி வருகிற முகம். செத்துப் போயிருப்பாளோ? சாகும்போது என்னைத் திட்டியிருப்பாளோ? திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால்? என் அலங்கார ஜெபங்கள் எல்லாம் உதிர்ந்துபோய் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது.

“ஆண்டவரே, அவள் முகத்தை எனக்கு ஒரு தரம் காட்டும்.”

பாத்திரம் கழுவும்போதும் இதுதான். தெருவில் நடக்கும்போதும் இதுதான்.

ஆறாம் வாரம் அங்குள்ள சபையில் பெண்கள் கூட்டம். பிளேக்கிலிருந்து ஆண்டவர் என்னைக் காப்பாற்றியதற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். எழுந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு பெண் வாசல் பக்கமாக உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நா எழும்பவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணி அப்படி நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, “அங்கே என்ன நடந்தது? சொல்லு” என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். என் ஒற்றை ஜெபத்தையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். அதிகம் படித்தவள் அல்ல. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

“அந்த முகத்தைக் காட்டுன்னு இங்க உக்காந்து கேக்குறியே, அந்த முகம் இங்கயா இருக்கு?”

அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. ஜெபத்தை ஒரு ஊருக்கு அனுப்பிவிட்டு நான் வேறொரு ஊரில் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே போய்ப் பிளேக் ஊசி போட்டுக்கொண்டேன். கை வீங்கி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். ஊசி போட்ட ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஒருவர், நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் உள்ளே போனார். அயோடின் புட்டிகள், காய்ச்சல் மாத்திரை, கட்டி உடைந்தால் வைத்துக் கட்டுவதற்குச் சுத்தமான துணி எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். நான் கேட்கவில்லை. அவராகவே கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என் மனதெல்லாம் வேறெங்கோ இருந்ததால் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

மாசி மாதக் கடைசியில் பஸ் ஏறி நாமக்கல் வந்தேன். அங்கிருந்து எருமப்பட்டிவரை ஒரு வண்டி கிடைத்தது. அதற்கு மேல் எந்த வண்டிக்காரரும் வரவில்லை. நடந்தேன். பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அடியிலும் பயந்தேன். பயந்துகொண்டேதான் நடந்தேன்.

ஊர் காலியாகக் கிடந்தது. வீடுகளுக்குள் வெயில் பட்டு நோய் ஒழியட்டும் என்று சர்க்காரார் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாவாயி வீட்டுக் கதவில் சங்கிலி மாட்டியிருந்தது. கேட்க ஒரு ஆள் இல்லை. மலைப்பக்கத்து மேட்டுக் காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடிசைகள் தெரிந்தன. அந்தப் பக்கம் நடந்தேன்.

முதல் குடிசையில் ஒரு கிழவர் கட்டியோடு படுத்திருந்தார். தண்ணீர் கேட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, கட்டிக்கு மருந்து பூசி, துணி கட்டிவிட்டுக் கிளம்புவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. அடுத்த குடிசையில் தாயும் மகளும். இப்படியே இரண்டு நாள். பாவாயியைத் தேடிப் போகிற வழியெல்லாம் யாராவது என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். மனம் அவளிடம் போ போ என்று துடிக்கும். ஆனால் கூப்பிட்டவர்களை இன்னொரு தரம் விட்டுவிட்டுப் போக எனக்குத் துணிவில்லை. நடக்கும்போதெல்லாம் அதே ஜெபம். ஒரு தரம், ஆண்டவரே. ஒரே ஒரு தரம்.

மூன்றாம் நாள் ஒரு கிணற்று மேட்டில் சின்னானைப் பார்த்தேன். தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டான்.

“என்ற அக்கா செத்து ஒரு மாசத்துக்கு மேலாச்சு” என்றான். “இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?”

“பாவாயி?” என்று மட்டும் கேட்டேன்.

அவன் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். என்னைப் பார்க்காமல், வரப்புக்கு அப்பால் இருந்த குடிசையைத் தாடையால் காட்டினான்.

ஓடினேன். குடிசையின் ஓலைத் தட்டி சாத்தியிருந்தது. உள்ளே யாரோ பேசுகிற சத்தம். தட்டியில் கை வைக்கப் போனவள் நின்றுவிட்டேன். பாவாயியின் குரல். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். பெலனில்லாத குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள்.

“சாமி, நேத்துச் சொன்னதுதானுங்க இன்னைக்கும். இங்க படுத்திருக்கறவியளுக்குக் காச்சல எறக்கி உடுங்க. என்ற ஊட்டுக்காரருக்கு அக்கா போன வெசனம் ஆறோணுமுங்க. அப்பறம் மருந்துக்குப் போன எங்கம்மா. போயி எத்தன நாளாச்சுங்க சாமி. தனியாப் போன பொம்பள. வழியில அவியளுக்கு நோவு கீவு வந்துருச்சோ என்னமோ. பத்தரமாக் கொண்டாந்து சேத்துருங்க. மருந்து கெடைக்காட்டிப் போவுது. அவிய வந்தாப் போதுமுங்க.”

சகோதர சகோதரிகளே, நான் அந்தத் தட்டிக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் மடியில் அந்த டப்பா இருந்தது.

முகத்தைக் காட்டும் என்று நான் கேட்டேன். ஆறு வாரம் கேட்டேன். ஆனால் அதற்கு முன்பே, நான் வண்டியில் போன அன்றே, அவள் எனக்காகக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஊசி போட்டுக்கொண்டு மலையடிவாரம்வரை என்னை நடக்க வைத்தது என் ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவளுடைய ஜெபம். நான் யார் பெயரை ஒருநாளும் ஆண்டவரிடம் சொல்லவில்லையோ, அவள் என்னை ஒருநாளும் சொல்லாமல் விடவில்லை.

தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். மூன்று பெண்கள் பாயில் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பாவாயி, குடிசைக் கம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அவளுக்கும் கட்டி வந்து, உடைந்து, பிழைத்திருக்கிறாள். எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே மற்றவர்களுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா” என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று.

அவள் காலடியில் விழுந்தேன். “பாவாயி, நான் மருந்துக்குப் போகவில்லை. பயந்து ஓடிப்போனேன். உன்னிடம் பொய்யாகத் தலையாட்டினேன். உன் பெயரைக்கூட ஆண்டவரிடம் நான் சொன்னதில்லை.”

அவள் என் கையிலிருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதென்னங்கம்மா?”

“மருந்து.”

“அப்ப மருந்துக்குத்தானுங்க போயிருக்கீங்க. உங்களுக்கே தெரியாமப் போயிருக்கீங்க” என்றாள்.

நான் பொய்யாகச் செய்ததை ஆண்டவர் அவளுக்காக மெய்யாக்கிவிட்டார். அவளுடைய நம்பிக்கை வீண்போக அவர் விடவில்லை.

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதை மறைத்தால் இந்தச் சாட்சி பாதிச் சாட்சியாகிவிடும். கருப்பாயியின் முடிவைப் பற்றிக் கேட்டேன்.

“வாசலையே பாத்துட்டிருந்தாளுங்க. நீங்க வரலைன்னதும் நானே நெத்தியில கைய வெச்சு, வாயில வந்ததச் சொன்னேன். உன்ற சாமி பேரென்ன, இன்னொருக்காச் சொல்லுன்னா. சொன்னேன். அவளும் சொன்னா. அதோட பேச்சு நின்னுபோச்சு.” பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அன்னைக்கு நீங்க இருந்திருக்கோணுமுங்கம்மா.”

அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஒரே ஒரு தரம் சொன்னாள். அது போதும்.

கோடை மழை பெய்து நோய் அடங்கும்வரை அந்தக் காடுகளிலேயே இருந்தேன். பாவாயிக்கு நடக்க முடிந்ததும் இரண்டு பேருமாகக் குடிசை குடிசையாகப் போனோம். சின்னான் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஒருநாள் காலையில் நான் தூக்க முடியாமல் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அன்றிலிருந்து மூன்று பேராகப் போனோம்.

சித்திரையில் பாதிரியார் வந்தார். புளியமரத்தடியில் ஆராதனை வைத்தோம். எல்லாருக்கும் முன்னால் நான் ஓடிப்போனதைச் சொன்னேன். அப்பம் வாங்குகிற கர்த்தருடைய பந்திக்கு வர எனக்குத் தகுதியில்லை என்று தள்ளி நின்றுகொண்டேன். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வழக்கப்படி என்னிடம்தான் கேட்டார்: “இந்தப் பாவாயி ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாயிருக்கிறாளா, அம்மா?”

“ஐயா, அவளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் ஆயத்தமா என்று அவளிடம் கேளுங்கள்” என்றேன்.

அவர் அவளிடம், உனக்கு என்ன பெயர் வைக்கட்டும், வேதத்திலிருந்து ஒரு பெயர் சொல்லு என்றார்.

“பாவாயியே இருக்கட்டுமுங்க” என்றாள். “சாமி அந்தப் பேரைச் சொல்லித்தானுங்க என்னைக் கூப்பிட்டாரு. மாத்திக்கிட்டா அவருக்கு வேணா அடையாளம் தெரியும். எனக்குத் தெரியாதுங்க.”

அவர் சிரித்துவிட்டார். அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார். எத்தனை நாள் ஏங்கின ஏக்கம்! ஈரத் தலையோடு எழுந்தவள், பந்தி தொடங்கினபோது நேராக நான் நின்ற இடத்துக்கு வந்தாள். என் கையைப் பிடித்தாள். “வாங்கம்மா, ரெண்டு பேரும் போலாம்” என்றாள். முழங்கால்போடும் இடம்வரை என் கையை விடவில்லை. அன்றைக்கு நான் வாங்கின அப்பத்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் வாங்கினதில்லை.

ஆண்டவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? எலியைக் கண்டு ஓடினவளுக்குப் பாவாயியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் காலராவிலும் அம்மையிலும் நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றிருக்கிறோம். என் ஜெபங்கள் இப்போது நீளமாயிருப்பதில்லை. கேட்கிறவர்கள் அழுவதுமில்லை. பெயர்களை மட்டும் சொல்கிறேன், ஒவ்வொரு பெயராக. பாவாயி இன்றைக்கும் இருக்கிறாள். கண் பார்வை மங்கிவிட்டது. நான் வாசிக்கிறேன், அவள் ஜெபிக்கிறாள்.

ஆனாலும் ஒரு ஏக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். முன்பெல்லாம் ஆண்டவருடைய வருகையைப் பற்றி மகிமையும் எக்காளமுமாகப் பேசுவேன். இப்போது அந்த நாளை நினைத்தால், அவருக்குப் பக்கத்தில் கருப்பாயி நிற்பதைப் பார்க்க ஆசைப்படுகிறேன். தம்முடைய பெயரைக் கடைசியாக வாயில் எடுத்தவளை அவர் விட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்காகவே அந்த நாள் சீக்கிரம் வரட்டும் என்று ஏங்குகிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிற என் பிரியமானவர்களே, உங்களில் சிலர் எனக்குச் சரியாக ஜெபம் பண்ண வராது, வேதம் மனப்பாடமாக வராது, நான் எப்படி ஆயத்தமாவேன் என்று கலங்குகிறீர்கள். கலங்காதிருங்கள். அவர் கேட்பது உங்கள் மனதை. உங்களில் சிலர் என்னைப் போல, எல்லாம் தெரியும் என்று இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களை உண்மையாக நம்பி, உங்கள் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுகிற ஒருவர் எங்கேயோ இருக்கிறார். ஒரு தாயாக இருக்கலாம், நீங்கள் தள்ளிவிட்ட ஒரு ஏழையாக இருக்கலாம். அவர் நினைத்துக்கொண்டிருக்கிற அளவுக்கு நீங்கள் நல்லவர்கள் இல்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதற்காக வெட்கப்பட்டுத் தூரத்திலேயே நின்றுவிடாதீர்கள். பயந்துகொண்டேயாவது அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பியுங்கள். மீதி வழியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். அவர் பார்த்துக்கொண்டதற்கு நானே உயிரோடிருக்கிற சாட்சி.